தரகரைத் தொடாத ஆய்வுகள்

2007 மே மாதம் மூணாறு மலையில் மண்வாரி இயந்திரங்கள் ஏறின. நில ஆக்கிரமிப்புகளை அகற்ற அன்றைய கேரள முதலமைச்சர் வி. எஸ். அச்சுதானந்தன் அமைத்த சிறப்புப் படையில் கே. சுரேஷ்குமார், இடுக்கி ஆட்சியர் ராஜு நாராயணசாமி, காவல்துறை அதிகாரி ரிஷிராஜ் சிங் ஆகிய மூவர் இருந்தனர். சில வாரங்களில் விடுதிகள் பல தரைமட்டமாயின. நாடே திரும்பிப் பார்த்தது. ஆனால் மழைக்காலம் முடிவதற்குள் அந்த வேகம் அடங்கிவிட்டது. ஏழு ஆண்டுகள் கழித்து, 2014இல், சில விடுதிகள்மீது எடுத்த நடவடிக்கை சட்ட நடைமுறைப்படி நடக்கவில்லை என்று கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அதற்குப் பிறகும் அந்த மலைகளில் ஆய்வுகளுக்குக் குறைவில்லை. 2017இல் பாப்பாத்திச்சோலை, கொட்டக்கம்பூர் ஆகிய இடங்களில் ஆய்வு நடந்தது. 1999இல் தேவிகுளத்தில் வழங்கப்பட்டு, கையெழுத்திட்ட அலுவலரின் பெயராலேயே ‘ரவீந்திரன் பட்டா’ என்று அறியப்பட்ட 530 பட்டாக்களை ரத்து செய்ய 2022 ஜனவரியில் அரசாணை வந்தது. 2024இல் பைசன்வேலியை ஒட்டிய சொக்ரமுடி, 2025இல் பீர்மேடு வட்டத்துப் பருந்தும்பாறை. ஒவ்வொரு முறையும் குழு வந்தது, சங்கிலி போட்டு அளந்தது, அறிக்கை எழுதியது. பட்டாக்கள் ரத்தாயின, கட்டுமானங்களுக்குத் தடை வந்தது, சொக்ரமுடியில் வருவாய்த்துறை அலுவலர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டனர்.

இவற்றில் ஒன்றுகூட நிலத் தரகர்கள்மீதான ஆய்வாகத் தொடங்கவில்லை. விற்றவரையும் வாங்கியவரையும் கையெழுத்துப் போட்டவரையும் விசாரித்தார்கள். இந்த மூவரையும் ஒரே மேசைக்குக் கொண்டுவந்து உட்கார வைத்தவரை யாரும் முறையாகத் தேடவில்லை. இது அதிகாரிகளின் மறதியால் நேர்ந்ததல்ல. அவரைத் தேடுவதற்குச் சட்டத்தில் இடம் விடப்படவில்லை. பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் தமிழ்நாட்டு எல்லையில் நிலம் கைமாறும் விதத்தைக் கூர்ந்து பார்த்தால் அந்த வெற்றிடம் எவ்வளவு பெரியது என்பது தெரியும்.

*

இந்த எல்லை 1956இல் போடப்பட்டது. தேவிகுளமும் பீர்மேடும் தமிழர் மிகுந்த வட்டங்கள் என்று தமிழ்நாட்டோடு சேர்க்கக் கோரிய போராட்டம் தோற்று, அவை கேரளத்தில் நின்றன. பாலக்காட்டின் சிற்றூர் வட்டத்தில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் இன்றும் தமிழே தெருமொழி. கோடு மாநிலத்தைப் பிரித்ததே தவிர, சந்தையைப் பிரிக்கவில்லை. கோவையில் பணம் சேர்த்தவருக்கு ஆனைகட்டியைத் தாண்டினால் அட்டப்பாடி. தேனிக்காரருக்குப் போடிமெட்டு ஏறினால் பூப்பாறை, சூரியநெல்லி, சின்னக்கானல். உடுமலையிலிருந்து சின்னாறு வழியே போனால் மறையூரும் காந்தளூரும். மலையில் ஒரு துண்டு நிலம் என்ற ஆசைக்கு இந்தப் பாதைகள் எல்லாமே வழி. அந்த ஆசைக்கு விலை பேசுகிறவர்கள் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள்.

பேரம் ஒருவர் கையில் முடிவதில்லை. கோவையிலோ தேனியிலோ ஒருவர் ஆளைப் பிடிப்பார். மலையடிவாரத்தில் இன்னொருவர் கூட்டிப்போவார். மேலே உள்ளூர்க்காரர் ஒருவர் இடத்தைக் காட்டுவார். வில்லேஜ் ஆபீஸில் காகிதம் நகர்த்த மற்றொருவர் இருப்பார். கமிஷன் இந்தச் சங்கிலி நெடுகப் பங்காகும். இப்போது முதல் கண்ணியின் வேலையை யூடியூப் செய்கிறது. மேகம் தவழும் சரிவைப் படம்பிடித்து, சென்ட் விலை சொல்லி, கீழே ஒரு கைபேசி எண் கொடுத்தால் போதும்.

வாங்க வருபவரிடம் காட்டப்படுவது பெரும்பாலும் ஆதாரம் எனப்படும் பத்திரத்தின் நகல், கரம் எனப்படும் நிலவரி கட்டிய ரசீது, கைவசச் சான்று ஆகிய மூன்று காகிதங்கள். தமிழ்நாட்டில் பட்டா, சிட்டா, வில்லங்கம் என்று பார்த்துப் பழகியவருக்கு இவை அவற்றின் மலையாள வடிவமாகத் தோன்றும். அப்படியல்ல. கரம் கட்டுவதால் உரிமை வந்துவிடாது என்பது நீதிமன்றங்கள் பலமுறை சொன்னது. பதிவும் அப்படியே. விற்பவருக்கு உரிமை இருக்கிறதா என்று பார்ப்பது சார்பதிவாளரின் வேலையல்ல என்ற அடிப்படையில்தான், தமிழ்நாட்டுப் பதிவு விதிகளில் இருந்த 55ஏ விதியின் முதற்பகுதியை 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் நீக்கியது. ஆக, பதிவாகிவிட்டது என்பதற்கு உரிமை மாறிவிட்டது என்று பொருளில்லை. இதைத் தரகர் அறிவார். வாங்குபவர் பெரும்பாலும் அறியார்.

நிலத்தின் வகையில்தான் உண்மையான கண்ணி இருக்கிறது. இடுக்கியில் கணிசமான பகுதி 1960ஆம் ஆண்டு கேரள நில ஒதுக்கீட்டுச் சட்டத்தின் கீழ், 1964 விதிகள்படி, விவசாயத்துக்கும் குடியிருப்புக்கும் என்று கொடுக்கப்பட்ட பட்டா நிலம். அதில் விடுதி கட்டினால் நிபந்தனை மீறல். இப்படி எழுந்துவிட்ட கட்டடங்களை வரன்முறைப்படுத்த 2023இல் சட்டமன்றம் திருத்தம் கொண்டுவந்தது, 2024 ஏப்ரலில் ஆளுநர் ஒப்புதல் தந்தார். அந்தத் திருத்தம் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே விடுதிக்கு ஏற்ற இடம் என்று அந்த நிலம் விற்கப்பட்டுக்கொண்டிருந்தது. இன்னொரு வகை ஏலமலைக் காடு. 1897ஆம் ஆண்டுத் திருவிதாங்கூர் அறிவிக்கையில் அதன் பரப்பு 15,720 ஏக்கரா, 2,15,720 ஏக்கரா என்பதே தகராறு. ஓர் இலக்கத்தின்மேல் தொங்கும் இந்த வழக்கில் 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அங்கே புதிய பட்டா கொடுக்க இடைக்காலத் தடை விதித்தது. அடுத்தது தோட்ட நிலம். தேயிலை, காப்பி, ஏலம் போன்ற தோட்டங்களுக்கு 1963ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டத்தின் 81ஆம் பிரிவு உச்சவரம்பிலிருந்து விலக்குத் தருகிறது. தோட்டத்தைத் துண்டு போட்டு மனையாக்கினால் விலக்கு போகும், உச்சவரம்பு வழக்கு வரும். அந்த வழக்கு துண்டை வாங்கியவரின் தலையிலும் விடியும்.

பாலக்காட்டுச் சமவெளியில் கண்ணி வேறு. 2008ஆம் ஆண்டு நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் ஊர்தோறும் ‘டேட்டா பேங்க்’ இருக்கிறது. அதில் வயல் என்று ஏறிய நிலம் பார்வைக்குப் புன்செய்யாகக் கிடந்தாலும் வீடு கட்ட அனுமதி எளிதில் வராது. வாங்கிய பிறகே அதைக் கேள்விப்படுகிறவர்கள் உண்டு.

இவையெல்லாம் வாங்குபவரின் இழப்புகள். பணமுள்ளவரின் இழப்பு என்று இவற்றைச் சிலர் தள்ளிவிடக்கூடும். கொட்டக்கம்பூரிலும் அட்டப்பாடியிலும் நடந்ததை அப்படித் தள்ள முடியாது.

*

வட்டவடையை அடுத்த கொட்டக்கம்பூர் தமிழ் பேசும் மலைக்கிராமம். 2006இல் குறிஞ்சி பூத்த பருவத்தில் கேரள அரசு இப்பகுதியில் சுமார் 3,200 ஹெக்டேர் நிலத்தைக் குறிஞ்சிமலைச் சரணாலயமாக அறிவித்தது. எல்லைக்குள் பட்டா நிலங்களும் இருந்ததால் எது யாருடையது என்ற விசாரணை தொடங்கியது. அதில் 58ஆம் பிளாக் என்ற நில அளவைப் பகுதி பேசுபொருளானது. உள்ளூர்த் தமிழ்க் குடும்பங்களின் பெயரில், பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட சமூகத்தவரின் பெயரில், பட்டா வாங்கி, அவர்களிடமே பவர் (அதிகாரப் பத்திரம்) எழுதி வாங்கி, நிலத்தை வெளியாருக்கு மாற்றினார்கள் என்பது குற்றச்சாட்டு. 2017 நவம்பரில் தேவிகுளம் சார் ஆட்சியர், அன்றைய இடுக்கி நாடாளுமன்ற உறுப்பினரின் குடும்பத்தார் பெயரிலிருந்தவை உள்ளிட்ட பட்டாக்களை ரத்து செய்தார். மேல்முறையீட்டில் விவகாரம் மறுவிசாரணைக்குத் திரும்பியது. 2019இல் மீண்டும் ரத்து உத்தரவு வந்தது. ஓர் ஆய்வின் அடுத்த கட்டம் எவ்வளவு மெதுவாக நகர்கிறது, நடுவில் எத்தனை அதிகாரிகள் மாறுகிறார்கள் என்பதற்கு இந்த ஒரு கோப்பே சான்று.

என் கவலை வேறு இடத்தில் இருக்கிறது. குற்றச்சாட்டில் சொல்லப்படும் முறை நடக்க வேண்டுமானால் ஒருவர் வீடு வீடாகப் போய்க் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கியிருக்க வேண்டும். எந்தக் குடும்பத்துக்குப் பட்டா தகுதி உண்டு, யார் கேள்வி கேட்காமல் கையெழுத்துப் போடுவார் என்று அறிந்தவர் வேண்டும். அது வெளியூர்ச் செல்வரால் ஆகிற காரியமல்ல. பட்டா ரத்தானால் நிலம் அரசுக்குத் திரும்புகிறது. பெயர் கொடுத்த குடும்பத்துக்கு நிலமும் இல்லை, விலையும் இல்லை. கையெழுத்து வாங்கிக் கொடுத்தவரின் கமிஷன் மட்டும் யாருக்கும் திரும்புவதில்லை. அவர் அடுத்த பிளாக்குக்குப் போகலாம், போகக்கூடாது என்று சொல்ல ஒருவரும் இல்லை.

அட்டப்பாடியின் கதை இதைவிட நீண்டது. இருளர், முடுகர், குறும்பர் வாழும் இந்தப் பள்ளத்தாக்கில் 1951இல் பத்தில் ஒன்பது பேர் பழங்குடிகள். இன்று அவர்கள் பாதிக்கும் குறைவு. தமிழ்நாட்டிலிருந்தும் கேரளச் சமவெளியிலிருந்தும் குடியேறியவர்கள் கையில் நிலம் போயிற்று. 1975இல் கேரளம் பழங்குடி நிலக் கைமாற்றைத் தடுத்து, இழந்ததை மீட்கச் சட்டம் இயற்றியது. அதற்கான விதிகள் வர 1986 ஆயிற்று, அமலாக்கமும் நடக்கவில்லை. 1993இல் உயர் நீதிமன்றம் அமல்படுத்தச் சொன்னபோது, அரசு சட்டத்தையே மாற்றும் வழியில் இறங்கியது. கடைசியில் வந்த 1999ஆம் ஆண்டுச் சட்டம், 1960 முதல் 1986 ஜனவரி 24 வரை கைமாறியவற்றில் இரண்டு ஹெக்டேர் வரை வாங்கியவரிடமே விட்டு, பழங்குடிக்கு மாற்று நிலம் தருவதாகச் சொல்கிறது. 2009இல் உச்ச நீதிமன்றம் இதை ஏற்றுக்கொண்டது. அந்தத் தேதிக்குப் பிந்தைய கைமாற்றம் அதிகாரியின் முன் அனுமதி இல்லாவிட்டால் செல்லாது.

செல்லாது என்று எழுதியிருக்கிறது, ஆனாலும் நிலம் போய்க்கொண்டே இருக்கிறது. 2010இல் காற்றாலைகளுக்காக அட்டப்பாடியில் வாங்கிய நிலத்தில் பழங்குடி நிலம் போலி ஆவணங்கள்மூலம் சேர்ந்துவிட்டது என்ற புகார் மாநில அரசியலையே உலுக்கியது. தேசிய விருது பெற்ற பாடகி நஞ்சியம்மாவின் குடும்பமே அட்டப்பாடியின் அகளியில் நிலத்துக்காக வழக்காட வேண்டியிருக்கிறது. நாடறிந்த ஒருவருக்கு இந்த நிலை என்றால், ஊருக்குள் முகம் தெரியாமல் வாழும் குடும்பத்தின் நிலை என்ன? பழங்குடியினர் நிலத்தை முறைகேடாகப் பறிப்பது 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் குற்றம்தான். ஆனால் அதில் தரகரைக் குறித்துத் தனியாக ஒன்றும் இல்லை. பொய்க் காகிதத்தைக் கொண்டுவந்து கோவைக்காரரிடம் காட்டியவர் அதன் வாசலிலேயே நழுவிவிட முடியும்.

*

தரகருக்கென்று சட்டமே இல்லையா? இருக்கிறது. 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டம், பொதுவழக்கில் ‘ரெரா’, 2017 மே 1 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. கேரளத்தின் ஆணையம் 2020 ஜனவரியில் இயங்கத் தொடங்கியது. எந்தப் பெயரில் அழைக்கப்பட்டாலும் இடைத்தரகர் இடைத்தரகரே என்கிறது சட்டத்தின் வரையறை. 9ஆம் பிரிவு பதிவைக் கட்டாயமாக்குகிறது. பதிவு எண்ணை அவர் நடத்தும் ஒவ்வொரு விற்பனையிலும் குறிப்பிட வேண்டும். 10ஆம் பிரிவு கணக்குப் புத்தகமும் பதிவேடும் வைத்திருக்கச் சொல்கிறது, பொய்யான விளம்பரத்தைத் தடுக்கிறது. 35ஆம் பிரிவு அந்தக் கணக்கை வரவழைத்துப் பார்க்கவும் விசாரிக்கவும் ஆணையத்துக்கு அதிகாரம் தருகிறது. மீறினால் 62ஆம் பிரிவின் கீழ் நாளொன்றுக்கு 10,000 ரூபாய், மனை அல்லது குடியிருப்பின் விலையில் ஐந்து சதவீதம் வரை.

படித்தால் நிறைவாகத்தான் இருக்கிறது. ஆனால் 9ஆம் பிரிவை இன்னொரு முறை படிக்க வேண்டும். பதிவு தேவைப்படுவது பதிவுபெற்ற திட்டத்தில், மேம்பாட்டாளர் விற்கும் மனையையோ அடுக்ககத்தையோ விற்றுக்கொடுப்பவருக்கு. திட்டம் என்றால் 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு அல்லது எட்டுக்கு மேற்பட்ட குடியிருப்புகள். கொச்சியில் அடுக்ககம் விற்கும் நிறுவனம் இந்த வலைக்குள் வரும். சின்னக்கானலில் ஒருவரின் இரண்டு ஏக்கர் ஏலத் தோட்டத்தை இன்னொருவருக்கு முடித்துக் கொடுப்பவர் வரமாட்டார். அட்டப்பாடியில் பவர் எழுதி வாங்குபவர் வரமாட்டார். மலை எல்லையில் நடக்கும் வியாபாரத்தின் பெரும்பகுதி இந்தச் சட்டத்தின் கண்ணில் வியாபாரமே அல்ல.

மாநில எல்லை இதைப் பின்னும் சிக்கலாக்குகிறது. தரகரின் பதிவு அந்தந்த மாநிலத்துக்கு மட்டுமே. சென்னையிலுள்ள தமிழ்நாட்டு ஆணையத்தில் பதிந்தவர் கேரளத்துத் திட்டத்தை விற்க வேண்டுமானால் திருவனந்தபுரத்திலும் பதிய வேண்டும். ஏமாந்தவர் கோவையில், கூட்டிப்போனவரும் கோவையில், பணம் கைமாறியதும் கோவையில், நிலம் மட்டும் அகளியில் என்றால் எந்த ஆணையத்தின் படியேறுவது? காவல் நிலையத்தில் சிவில் தகராறு என்பார்கள். சிவில் நீதிமன்றம் நிலம் இருக்கும் இடத்துக்குப் போகச் சொல்லும். இந்த அலைச்சல் தெரிந்துதான் சில பேரங்கள் எல்லைக்கு இந்தப் பக்கம் பேசி, அந்தப் பக்கம் முடிக்கப்படுகின்றன என்று நினைக்க இடமிருக்கிறது.

இன்னொரு கதவும் உண்டு. 2020 டிசம்பர் 28ஆம் தேதி அறிவிக்கையின்படி, ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ உள்ள ரியல் எஸ்டேட் முகவர்கள் பணமோசடித் தடுப்புச் சட்டத்தின் கீழ் வருகிறார்கள். வாடிக்கையாளர் யார், பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டுப் பதிந்து, அந்தப் பதிவேட்டை ஐந்தாண்டு வைத்திருக்க வேண்டும். சந்தேகத்துக்குரிய பரிமாற்றத்தை நிதிப் புலனாய்வுப் பிரிவுக்குத் தெரிவிக்க வேண்டும். இவர்களைக் கண்காணிப்பது மறைமுக வரிகள் வாரியம், அதாவது ஜிஎஸ்டி துறை. ஜிஎஸ்டி பதிவுக்கும் வரம்பு அதே 20 லட்சம். ஆக, வரித்துறையின் ஏட்டில் இருப்பவரே இந்த மேற்பார்வையிலும் இருப்பார். ரொக்கமாகக் கமிஷன் வாங்குபவரின் வரவு ஏட்டில் 20 லட்சத்தை எந்தக் காலத்திலும் தொடாது. பணமோசடிக்கு எதிரான பன்னாட்டு அமைப்பான எஃப்ஏடிஎஃப், 2024 செப்டம்பரில் இந்தியா பற்றி வெளியிட்ட மதிப்பீட்டில் பொதுவாக நல்ல மதிப்பெண் தந்தாலும், வங்கியல்லாத இத்தகைய தொழில்களின்மீதான மேற்பார்வை இன்னும் வலுப்பெற வேண்டும் என்றது. போடிமெட்டு அளவில் அதன் பொருள் என்ன என்று யோசித்தவர் யாராவது இருக்கிறார்களா?

*

ஓர் ஆய்வுக்குப் பின் வரும் இரண்டாவது ஆய்வுக்குத்தான் உண்மையான மதிப்பு. முதல் வருகையில் குறை கண்டுபிடிக்கப்படும். இரண்டாவது வருகையில் அது நீங்கியதா என்று பார்க்கப்படும். இரண்டாவது வராது என்று தெரிந்தவருக்கு முதலாவதைப் பல்லைக் கடித்துத் தாண்டினால் போதும். மூணாறில் 2007க்குப் பிறகு நடந்தது இதுதான். இரண்டாவது வருகை நடக்க வேண்டுமானால், யாரிடம் திரும்பிப் போவது என்பதற்கு ஒரு பெயரும் ஓர் எண்ணும் வேண்டும்.

சிங்கப்பூர் இதை 2010இல் செய்தது. அங்கே உருவான எஸ்டேட் முகவர் மன்றத்தில் ஒவ்வொரு தரகரும் பதிந்தாக வேண்டும். பெயரோ எண்ணோ தட்டினால் பொதுமக்கள் எவரும் அவர் பதிவையும், அவர்மீது எடுத்த ஒழுங்கு நடவடிக்கையையும் பார்க்கலாம். சொத்து விற்பனைப் பணத்தையும் அரசுக் குடியிருப்பு வாடகைப் பணத்தையும் அவர் கையால் தொடவே கூடாது. ஒழுங்குக் குழு விதிக்கக்கூடிய உச்ச அபராதம் பின்னர் தனி முகவருக்கு ஒரு லட்சம் வெள்ளி, நிறுவனத்துக்கு இரண்டு லட்சம் வெள்ளி என்று உயர்ந்தது. சிங்கப்பூர் சிறிய நாடு, நிலத்தின் உரிமைப் பதிவும் அங்கே உறுதியானது, அதை அப்படியே எடுத்துவர முடியாது என்பது சரி. ஆனால் மகாராஷ்டிரம் சிறிய இடமல்ல. அங்குள்ள ஆணையம் தரகர்களுக்குப் பயிற்சியும் தேர்வும் கட்டாயம் என்றது. கெடு முடிந்து, 2024இல் சான்று பெறாத சுமார் 20,000 பேரின் பதிவை நிறுத்தி வைத்தது. அறிவித்ததை விட்டுவிடாமல் பின்தொடர்ந்தார்கள் என்பதே அதில் பாராட்டத்தக்கது.

கேரளத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் செய்யக்கூடியது எளிதாகவே இருக்கிறது. கிரயப் பத்திரத்தில் விற்பவர் பெயர் இருக்கிறது, வாங்குபவர் பெயர் இருக்கிறது, சாட்சிகள் பெயர் இருக்கிறது, பத்திர எழுத்தரின் பெயரும் உரிம எண்ணும்கூட இருக்கின்றன. பேரத்தை முடித்தவருக்குத்தான் அதில் ஒரு வரி இல்லை. தரகர் இருந்தால் அவர் பெயர், எண், வாங்கிய கமிஷன், இல்லையென்றால் இல்லை என்று இரு தரப்பும் உறுதிமொழி: பதிவுத்துறையின் படிவத்தில் இதற்கு ஒரு கட்டம் போதும். பவர் பத்திரத்துக்கும் அதே கட்டம் வேண்டும், ஏனென்றால் கொட்டக்கம்பூர் வகை பேரம் நடப்பது அதன் வழியாகத்தான். பொய் உறுதிமொழி குற்றமாகும்போது மறைந்திருப்பவருக்கு முதல்முறையாக ஆபத்து வரும்.

தரவைக் கோக்கும் வசதியும் வந்துவிட்டது. 2022 நவம்பரில் கேரளம் எண்ணியல் மறு அளவையைத் தொடங்கியது. வருவாய், பதிவு, அளவை ஆகிய மூன்று துறைகளின் ஏடுகளையும் ஒன்றிணைக்கும் ‘என்றெ பூமி’ தளம் 2024 அக்டோபரில் வந்தது. இதில் தரகர் எண்ணையும் சேர்த்தால், ரத்தான பட்டாக்களின் பின்னால் ஒரே ஆள் எத்தனை முறை நின்றார் என்று சொக்ரமுடி போன்ற விசாரணையில் ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும். இன்று அதற்கு ஒரு தனிப்படை வேண்டியிருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மேற்சொன்ன எச்சரிக்கைகள் எல்லாம் மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ இருந்தால் வட்டவடைக்காரருக்கும் தேனிக்காரருக்கும் எட்டாது. ரத்து உத்தரவு, தடை செய்யப்பட்ட புல எண்களின் பட்டியல், பழங்குடி நிலத்துக்கு வேண்டிய முன் அனுமதியின் விதி ஆகியவை தேவிகுளம், உடும்பன்சோலை, பீர்மேடு, சிற்றூர், அட்டப்பாடி ஆகிய வட்டங்களின் வில்லேஜ் ஆபீஸ் சுவர்களில் தமிழிலும் ஒட்டப்பட வேண்டும். எல்லைக்கு இந்தப் பக்கம் போடி, உடுமலை, ஆனைகட்டிப் பக்கத்துச் சார்பதிவாளர் அலுவலகங்களிலும் அதே தாள் தொங்க வேண்டும். இரு மாநில ரெரா ஆணையங்களும் ஒரு தரகர்மீது வந்த புகாரை ஒன்றுக்கொன்று அனுப்ப ஓர் ஒப்பந்தம் போட்டால் போதும், அதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. 9ஆம் பிரிவின் வரம்பை விரித்து, தனியார் விவசாய நிலத்தின் தரகரையும் உள்ளே கொண்டுவர நாடாளுமன்றம்தான் திருத்த வேண்டும். அதற்குக் காலமாகலாம். பதிவுப் படிவத்தில் அந்தக் கட்டத்தைச் சேர்க்க ஒரு மாநில அரசின் கையெழுத்து போதும், அடுத்த குழு மலையேறுவதற்கு முன்பே அதைப் போட்டுவிடலாம்.